பலகாரம் போகிற பெட்டி திரும்பி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு சாமத்திய வீடு (பூப்புனித விழா) நடந்தது. பிள்ளையின் மாமிமார் மூன்று இரவு கண்விழித்துப் பலகாரம் சுட்டார்கள். நானும் ஓர் இரவு போயிருந்து பயற்றம்மா உருண்டை பிடித்துக் கொடுத்தேன். அரியதரம், பயித்தம் பணியாரம், சிப்பி, முறுக்கு, எள்ளுருண்டை, கொக்கீஸ், தட்டை வடை என்று ஏழு வகை. ஒவ்வொன்றும் பக்குவம் தப்பாமல் வந்திருந்தது. அரியதரத்தை எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு அகப்பைகளுக்கு நடுவே அழுத்தி எண்ணெய் வடித்த பெண்ணுக்குக் கை கன்றிப்போயிருந்தது.

விடிந்ததும் பட்டணத்திலிருந்து ஓர் அடுக்குப் பிளாஸ்ரிக் பெட்டி வந்து இறங்கியது. கண்ணாடி போல உள்ளே தெரிகிற மெல்லிய பெட்டி. சூடு ஆறாத பலகாரத்தை அதற்குள் வைத்து மூடியை அழுத்தினார்கள். “கொஞ்சம் ஆறட்டும்” என்றேன். வான் வண்டி வந்து வாசலில் நிற்கிறது, யாருக்கும் கேட்கவில்லை. என் பங்குக்குக் கிடைத்த பெட்டியைப் பின்னேரம் திறந்தபோது மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி. காலையில் பல்லில் பட்டதும் நொறுங்கிய சிப்பி வளைந்துகொண்டு வந்தது. முறுக்கில் அரியதரத்தின் மணம், அரியதரத்தில் வடையின் வெங்காய மணம், எல்லாவற்றிலும் ஒரே சுவை. இரண்டு நாள் கழித்து ஒழுங்கை முடிவிலுள்ள மதகடியில் அதே பெட்டிகள் கிடந்தன. நின்று எண்ணினேன்: 11. அந்த மதகுத் தண்ணீர் நந்திக்கடல் களப்புப் பக்கமாகத்தான் போகிறது.

அந்த வீட்டாரைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அவர்கள் கொடுத்தது மனம் நிறைந்த கொடை. மூன்று இரவு உழைப்புக்குக் கடைசி அரை மணி நேரத்தில் ஒரு நல்ல உறை கிடைக்காமல் போனதே என்ற கவலைதான் என்னை எழுத வைக்கிறது. வன்னியில் வீட்டுக்கு வீடு இப்போது இதுதான் நடக்கிறது. கையால் செய்கிறோம், மெல்லிய பொலித்தீன் சொப்பின் பையில் போட்டுக் கொடுக்கிறோம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைக்காரி. 31 வருடம் இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். உணவு நற்காப்பு என்றும் பொதியிடல் என்றும் கரும்பலகையில் தலைப்புப் போட்டு எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காற்று, ஈரம், வெளிச்சம், சூடு ஆகிய நான்கையும் பண்டத்திலிருந்து விலக்கி வைப்பதுதான் பொதியிடல் என்று புத்தகம் சொன்னது. என் அம்மா பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாதவர். ஆனால் அந்த நான்கையும் அவர் ஓலையாலும் மண்ணாலும் சருகாலும் விலக்கி வைத்தார். அதோடு புத்தகம் சொல்லாத ஐந்தாவது ஒன்றையும் அவர் செய்தார். கொடுத்த பாத்திரம் திரும்பி வரும்படி கொடுத்தார்.

எங்கள் வீட்டில் பனையோலையில் இழைத்து மூடி போட்ட மூன்று மூடற்பெட்டிகள் இருந்தன. பெரியது கலியாண வீடுகளுக்கு, நடுவது தைப்பொங்கலுக்கும் வருடப்பிறப்புக்கும், சின்னது பிள்ளை பெற்ற வீட்டுக்கும் சுகமில்லாத வீட்டுக்கும். பெட்டி போகும்போது பணியாரம் இருக்கும். திரும்பி வரும்போது இரண்டு முருங்கைக்காய் இருக்கும், அல்லது ஐந்தாறு தேசிக்காய், அல்லது வைக்கோலுக்குள் பொதித்த நாட்டுக்கோழி முட்டை. ஒன்றும் இல்லாத வீடு ஒரு பிடி பச்சையரிசி போட்டு அனுப்பும். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் ஊர் முறை. அடுத்த வீட்டில் முட்டை இருக்கிறதா, மரத்தில் காய் இருக்கிறதா, சுகமா, கோபமா என்பதெல்லாம் அந்தப் பெட்டி வந்து சொல்லிவிடும். சொப்பின் பையை யாரும் திருப்பிக் கொண்டு வருவதில்லை. கொண்டு வந்தால் வாங்கவும் மாட்டார்கள்.

அந்த மூன்று பெட்டிகளும் 2009 போர்க்கால இடப்பெயர்வில் போயின. எந்த இடத்தில் விட்டோம் என்று கூட நினைவில்லை. செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தபோது பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருத்தி, கிடைத்த மாவில் கொஞ்சம் சீனி சேர்த்து வறுத்து, கழுவிக் காயவைத்த பால்மாப் பை ஒன்றில் போட்டு வாயை நூலால் கட்டி என் தாயாரிடம் கொடுத்தாள். அம்மா அந்தப் பையைத் திரும்பவும் கழுவி, நாலு ரொபி மிட்டாயை உள்ளே போட்டு, அதே நூலால் கட்டித் திருப்பி அனுப்பினார். கையில் எது கிடைக்கிறதோ அதை வைத்து மரியாதையாகக் கொடுக்கத் தெரிந்த சனம் நாங்கள். இன்று எல்லாம் கையில் இருக்கும்போது ஏன் இந்த நிலை என்பதுதான் என் கேள்வி.

ஊர் திரும்பிச் சில வருடங்கள் கழித்து, அளம்பில் பக்கம் பெட்டி இழைக்கிற ஓர் அக்காவைத் தேடிப் போனேன். எழுபது வயது கடந்தவர். மூடற்பெட்டி ஒன்று வேண்டும் என்றேன். எவ்வளவு பெரிது என்று அவர் கேட்கவில்லை. “உள்ளே என்ன வைக்கப்போகிறீர்கள் ரீச்சர்?” என்று கேட்டார். பயித்தம் பணியாரம் என்றேன். “அப்படியென்றால் நெருக்கி இழைக்க வேண்டும், மா உதிரும். அடியை இரட்டையாகப் பொத்தித் தருகிறேன்” என்றார். வடகம் வைப்பதென்றால் கொஞ்சம் இளக்கி இழைப்பாராம், காற்றுப் போய்வர வேண்டுமாம். என் 31 வருடப் பாடத்தை அவர் இரண்டே வரியில் சொல்லி முடித்தார்.

அன்று அவர் பக்கத்திலேயே இருந்து, பார்த்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். குருத்தோலையை வெட்டி வெயிலில் போட்டு வெளுக்க வைத்து, இரவில் பனியில் கிடக்க விடுகிறார். பனி பட்ட ஓலை விரலுக்கு வளையும், முறியாது. பனி இல்லாத காலத்தில் நீர் தெளித்து ஈரச்சாக்கில் சுற்றி வைக்கிறார். பிறகு ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து எடுக்கிறார். அளவுகோல் கிடையாது, கட்டை விரல் நகம்தான் அளவு. அடியிலிருந்து தொடங்கி நாலு மூலையும் எழும்பி வரும்போது, முழங்காலை உள்ளே கொடுத்து இறுக்குகிறார். விளிம்பை மடித்து நாரால் கட்டி முடித்ததும் மூடியைப் போட்டுப் பார்த்தார். இறங்கும்போது “புஸ்” என்று மெல்லக் காற்று வெளியேறியது. “இந்தச் சத்தம் வந்தால் எறும்பு போகாது” என்றார். ஆறு அங்குலச் சதுரம், மூன்று அங்குல உயரம். 20 பயித்தம் பணியாரம் சரியாக அடங்கியது. அவர் கேட்டது 400 ரூபாய்.

சாயம் போட்ட ஓலை பற்றி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. ஊதாவும் பச்சையும் சிவப்புமாக இழைத்த பெட்டி பார்வைக்கு அழகு. ஆனால் அந்தச் சாயம் துணிக்கும் பாய்க்கும் போடுகிற சாயம். ஈரமோ எண்ணெயோ பட்டால் கசியும். ஆகவே உணவு வைக்கிற பெட்டியென்றால் உட்புறம் வெள்ளோலையாகவே இருக்கட்டும். நிறம் வேண்டுமானால் மூடியின் மேற்புறத்தில் ஒரு வரி ஓடட்டும். புதிய பெட்டியை இரண்டு நாள் நல்ல வெயிலில் வைக்காமல் உணவு போடக்கூடாது. ஓலையில் ஈரம் மிச்சமிருந்தால் அதிலிருந்தே பூஞ்சணம் தொடங்கும்.

பெட்டி கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. எனக்கே ஒரு பாடம் கிடைத்தது. தங்கையின் மகள் கனடாவில் இருக்கிறாள். ஒருமுறை அவளுக்குப் போகிறவர் கையில் அரியதரமும் பணியாரமும் கொடுத்தனுப்பினேன். அவசரத்தில் ஆறுவதற்கு முன் கட்டிவிட்டேன். படிப்பித்த நானே கட்டினேன். போய்ச் சேர்ந்தபோது மேல் அடுக்கில் பூஞ்சணம், கீழ் அடுக்கில் எண்ணெய் காறிய மணம். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அவளுடைய தாய் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதற்குப் பிறகு நான் மாறாமல் செய்வது இது. பலகாரத்தைச் சுளகில் கடுதாசி விரித்துப் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஆறவைப்பேன். ஒன்றை எடுத்து இரண்டாகப் பிய்த்து நடுவைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். நடுவும் குளிர்ந்தால்தான் பெட்டி. பெட்டியின் அடியில் இரண்டு மேசைக்கரண்டி அரிசியைப் பொன்னிறமாக வறுத்து, ஆறவிட்டு, பருத்தித் துணியில் சின்னப் பொட்டலமாகக் கட்டி வைப்பேன். வறுத்த அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதற்கு மேல் எண்ணெய் உறிஞ்சாத வெண்ணெய்த்தாள். பிறகு பலகாரம், ஒரு பெட்டிக்கு ஒரு வகை மட்டும். ஏழு வகையையும் ஒரே பெட்டியில் போடுகிற பழக்கத்தை விட்டால் முறுக்கு முறுக்காகவே இருக்கும். வழியனுப்பும் பணியாரமென்றால் தேங்காய்ப்பூவையும் ஈரம் போக வறுத்துச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது.

எங்கள் பனங்கட்டிக் குட்டானைப் பாருங்கள். உலகத்தில் எந்தப் பொதியிடல் நிபுணரும் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது என்று நம்புகிறேன். பனையிலிருந்து இறக்கும் கருப்பநீரைக் காய்ச்சி, பாகு இறுகும் பதத்தில் ஓலைக் குட்டானுக்குள் சுடச்சுட ஊற்றுகிறார்கள். ஊற்றுகிற அச்சும் அதுவே, உறையும் அதுவே, கடைக்குக் கொண்டு போகிற பையும் அதுவே. ஆறியபின் ஓலையைப் பிரித்தால் கட்டியின் பக்கங்களில் இழைப்பின் கோடுகள் அப்படியே பதிந்திருக்கும். சின்ன வயதில் நாங்கள் அந்தக் கோடுகளின் மேடுகளை முதலில் கடித்துத் தின்போம், பள்ளத்தைக் கடைசிக்கு வைப்போம். இப்போது சில கடைகளில் பனங்கட்டியை உடைத்துப் பொலித்தீன் பையில் அடைத்து விற்கிறார்கள். மழைக்காலத்தில் அது கசிந்து ஒட்டிக்கொள்கிறது. தயவுசெய்து குட்டானிலிருந்து எடுக்காமல், நாலு குட்டான்களை வாழைநாரில் கோத்துக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு மேல் வேறு அலங்காரம் வேண்டியதில்லை. பனம்பழக் கூழை உலர்த்திச் செய்கிற பனாட்டும் அப்படித்தான். ஓலைப்பெட்டிக்கும் அதற்கும் பிறவியிலிருந்தே உறவு. அவித்து உலர்த்திய பனங்கிழங்கான புழுக்கொடியலை ஒரு சாண் நீளத்துக்கு ஒழுங்குபடுத்தி, சார்வோலை வார் ஒன்றால் கட்டு ஒன்றாகக் கட்டினால் போதும்.

இலைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. வாழையிலையை நெருப்பில் ஒருமுறை வாட்டினால் வெடிக்காமல் மடியும். அன்றே உண்கிற கொழுக்கட்டைக்கும் புட்டுக்கும் அதைவிட நல்ல உறை இல்லை. வாழைச்சருகை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி வைத்தால் எள்ளுருண்டையை ஒவ்வொன்றாகச் சுற்றலாம். பழுப்பு நிறத்தில் பட்டுப்போல மினுங்கும். குளத்துத் தாமரை இலையில் சோறு உண்ட சனம் நாங்கள். அந்த இலையில் நீர் ஒட்டாது, பொங்கலைப் பொதிந்து கொடுக்க ஏற்றது. முள்ளியவளையில் தேக்கங்காடு இருப்பதால் எங்களுக்குத் தேக்கிலையும் தாராளம். முன்பு இறைச்சி வாங்கினால் தேக்கிலையில்தான் சுற்றித் தருவார்கள். ஆனால் தளிரை எடுக்காதீர்கள். தேக்கந்தளிரைக் கசக்கினால் கை சிவந்துவிடும் என்பது எங்கள் ஊர்ச் சிறுபிள்ளைக்கும் தெரியும். முற்றிய இலையை வெளிச்சுற்றுக்கு மட்டும் எடுத்து, உள்ளே வாழையிலை வையுங்கள். விமானத்தில் போகிற பொதியில் மட்டும் பச்சை இலை, பழம், விதை ஒன்றும் வேண்டாம். பல நாடுகளின் சுங்கத்தில் மறித்துவிடுவார்கள், இலைக்காகப் பலகாரமும் குப்பைக்குப் போய்விடும்.

போத்தல்களுக்கு வருவோம். எங்கள் தலைமுறைக்கு ஜாம் போத்தல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது விளக்குத்தான். 1990களில் மண்ணெண்ணெய் தட்டுப்பாடான காலத்தில் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் இன்று வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். அதனால் ஒரு போத்தலை வீசுவதற்கு இன்றும் எனக்குக் கை வருவதில்லை. தேசிக்காய் ஊறுகாய்க்கும் நெய்க்கும் தேனுக்கும் போத்தல்தான் சரி. சவர்க்காரம் போட்டுக் கழுவி, பானையின் அடியில் ஒரு துணி விரித்து, குளிர்ந்த நீரில் போத்தலை வைத்து மெல்லச் சூடாக்கி, கொதி வந்தபின் 10 நிமிடம் விடுங்கள். எடுத்துக் கவிழ்க்காமல் வெயிலில் உலர்த்துங்கள். உள்ளே ஒரு துளி நீர் இருந்தாலும் ஊறுகாய் கெட்டுப்போகும். ஊறுகாயின் புளிப்பும் உப்பும் தகர மூடியை அரிக்கும். துருப்பிடித்த மூடியை வைத்துக்கொண்டு அதன் மேல் பட்டுத்துணி கட்டிப் பயனில்லை. மூடி நல்லதாக இருக்கட்டும், பிறகு அதன் மேல் அம்மாவின் பழைய பருத்திச் சேலையில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டு, கழுத்தில் தும்புக் கயிறு கட்டுங்கள். என் அம்மாவின் நூல் சேலை ஒன்று இப்படியே 40 போத்தல்களின் தலையில் ஊரெல்லாம் போய்விட்டது. ஒன்றை மட்டும் வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

எங்கள் காட்டுத்தேன் சில வேளை நீர்த்திருக்கும். அப்படிப்பட்ட தேன் புளித்து வாயு கிளம்பும். ஆகவே போத்தலைக் கழுத்து வரை நிரப்பாமல் ஒரு விரல் இடம் விடுங்கள். ஈரக்கரண்டி போடக்கூடாது என்று எழுதியும் ஒட்டுங்கள். எருமைத் தயிருக்கு மண்முட்டியே போதும். மண் மேலதிக நீரைக் குடித்துவிடுவதால்தான் முட்டித் தயிர் கத்தியால் வெட்டுகிறாற்போல இறுகுகிறது. பிளாஸ்ரிக் வாளித் தயிரில் அந்த இறுக்கம் வராது. முட்டியின் வாயை மூடும்போது நேரே பத்திரிகைத்தாளை வைத்து றப்பர் வளையம் போடுகிறார்கள். இங்கேதான், ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் பத்திரிகை எங்கள் வீட்டில் படித்து முடிந்தபின்னும் பத்து வேலை செய்கிறது. ஆனால் அச்சுமை எண்ணெயிலும் ஈரத்திலும் கரைந்து பண்டத்தில் ஏறும். வடையையும் றோலையும் கச்சான் கடலையையும் பத்திரிகைத்தாளில் சுற்றுவது உடலுக்குக் கெடுதி என்று பண்டிகைக் காலங்களில் ஒரு சிறு பெட்டிச் செய்தி நீங்களே போட்டால், நான் சொல்வதைவிடச் சனம் கேட்கும். முறிகண்டியில் பஸ் நிற்கும்போது சுடச்சுடக் கச்சான் வாங்காமல் யாரும் ஏ9 வீதியைக் கடப்பதில்லை. அதை வெள்ளைக் கடுதாசிச் சுருளிலோ பனையோலைப் பட்டையிலோ கொடுக்கத் தொடங்கினால் அந்தப் பயணிகளுக்கு இன்னொரு நினைவும் சேரும்.

சிரட்டையைச் சொல்ல மறந்துவிட்டேன். முற்றிய தேங்காய்ச் சிரட்டையை உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி மழமழப்பாக்கி, இரண்டு பாதியையும் ஈர்க்கால் கோத்தால் ஆறு எள்ளுருண்டைக்கு ஓர் அழகான செப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் செய்தார்கள். ஆண்பிள்ளைகள் சுரண்டியதுதான் நன்றாக வந்தது.

இனி, உறையின் மேல் எழுதுவது. விற்பனைக்கென்றால் சட்டம் இருக்கிறது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் சுட்டுத்துண்டு ஒட்ட வேண்டும்: பண்டத்தின் பெயர், சேர்மானம், நிறை, செய்த திகதி, காலாவதித் திகதி, செய்தவரின் பெயரும் முகவரியும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் விவரம் சொல்வார்கள். வீட்டில் பலகாரம் சுட்டு விற்கிற பெண்கள் அவர்களைக் கண்டு பயப்படாமல் முன்கூட்டியே போய்க் கேட்பது நல்லது. அன்பளிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், ஒரு துண்டுக் கடுதாசியில் கையால் எழுதி வைக்க வேண்டும் என்பேன். பெயர், சுட்ட திகதி, எத்தனை நாளைக்குள் உண்ண வேண்டும், உள்ளே என்னென்ன இருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகளில் கச்சானும் எள்ளும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். கச்சான் பட்டால் மூச்சே நின்றுவிடக்கூடிய பிள்ளைகளும் உண்டு. எள்ளுருண்டையில் எள் என்று எங்களுக்குத் தெரியும், அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? தேன் போத்தலில் ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது என்று கட்டாயம் எழுதுங்கள். இங்கே பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவுகிற வழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்த வயதுக் குடலுக்குத் தேனிலுள்ள ஒருவகைக் கிருமி நஞ்சாகிவிடும்.

இன்னொன்று, தமிழில் எழுதுங்கள். பட்டணத்திலிருந்து வருகிற பெட்டிகளில் “வீட்டுச் சுவை” என்பதைக்கூட ஆங்கிலத்தில்தான் அச்சிட்டிருக்கிறார்கள். கனடாவிலுள்ள தங்கையின் மகளுக்கு, பழுதாகிப் போன அந்த முதல் பொதிக்குப் பிறகு, அளம்பில் அக்கா இழைத்த பெட்டியில் பணியாரம் அனுப்பினேன். உள்ளே ஒரு துண்டில் பெரிய எழுத்தில் “பயித்தம் பணியாரம்” என்றும், கீழே சேர்மானங்களையும் எழுதியிருந்தேன். பொதி நல்லபடி போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் அவர்கள் ஊருக்கு வந்தபோது பெட்டியைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். முறை தெரிந்த பிள்ளை, வெறும் பெட்டியாகக் கொண்டு வரவில்லை. உள்ளே அவர்கள் வீட்டில் சுட்ட பிஸ்கற் இருந்தது, வெண்ணெய்த்தாளில் சுற்றி, அடியில் வறுத்த அரிசிப் பொட்டலமும் வைத்து. மேலே அவளுடைய எட்டு வயது மகள் தன் கையால் எழுதிய துண்டு: “மா, சீனி, பட்டர், முட்டை. பாட்டி 10 நாலுக்குள் சாப்பிடவும்.” நாளுக்கு நாலு என்று எழுதியிருந்தாள். அந்தத் துண்டு என் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

400 ரூபாய் பெட்டி கட்டுபடியாகாது என்று சொல்வார்கள். என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். கலியாண அழைப்பிதழுக்குச் செலவழிக்கிறதைக் கேட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. அந்த அட்டையைத் திகதி பார்த்தபின் யாரும் வைத்திருப்பதில்லை. மண்டப வாசலில் பிளாஸ்ரிக் பூவுக்கும் வளைவுக்கும் கொடுக்கிறதில் ஒரு பங்கு போதும், பத்துப் பெண்களின் கைக்கு வேலை வரும். எல்லோருக்கும் பெட்டி கொடுக்கச் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டுக்கு, தாய்மாமன் வீட்டுக்கு, தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு மூடற்பெட்டி. மற்றவர்களுக்கு வாழைச்சருகும் கடுதாசிப் பையும் போதும். உணவு சுற்றுகிற பொலித்தீன் தாளையும் வெள்ளை நுரைப்பிளாஸ்ரிக்கான ரெஜிபோம் பெட்டியையும் அரசாங்கம் 2017 செப்டெம்பரில் தடைசெய்தது. தடை வந்த நாட்டில் தடுக்கப்பட்ட பொருளில் பலகாரம் கொடுப்பதைவிட, கொல்லையிலிருக்கிற இலையில் கொடுப்பது எந்த வகையிலும் குறைவில்லை.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பனையோலைக் கைப்பணி வகுப்புகளில் கைப்பையும் சுவரில் மாட்டுகிற பூவும் தொப்பியும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நல்லது. அதோடு உணவுக்கென்று 250 கிராம், 500 கிராம், ஒரு கிலோ என்று மூன்றே அளவில் வெள்ளோலைப் பெட்டி இழைக்கச் சொல்லிக் கொடுங்கள். அளவு ஒன்றாக இருந்தால்தான் பலகாரம் சுடுகிற பெண்ணும் பெட்டி இழைக்கிற பெண்ணும் ஒருவரையொருவர் நம்பி வேலை செய்யலாம். இந்த இரண்டு பெண்களும் வன்னியில் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறார்கள், ஒருவருக்கு ஒருவரைத் தெரியாது. ஒருத்தி பிளாஸ்ரிக் பெட்டி வாங்கப் பட்டணத்துக்குப் பஸ் ஏறுகிறாள். மற்றவள் இழைத்த பெட்டியைத் தலைமாட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு ஆள் வருமா என்று பார்த்திருக்கிறாள்.

போன கிழமை அளம்பில் அக்காவிடம் போயிருந்தேன். கண் முன்போல இல்லை, ஆனால் பேத்தி ஒருத்தி பக்கத்தில் இருந்து ஓலை வார்கிறாள், அதனால் வேலை நடக்கும் என்கிறார். குருத்தை எல்லா மரத்திலும் எப்போதும் வெட்ட முடியாது, ஒரு மரத்தில் அளவுக்கு மேல் எடுத்தால் மரம் மெலியும். வெட்டியபின் காய ஒரு கிழமை வேண்டும், ஒரு பெட்டிக்கு ஒரு முழு நாள் போகிறது. ஆகவே தைப்பொங்கலுக்குப் பெட்டி வேண்டுமென்பவர்கள், மாரிமழை இறங்கி ஓலை காயாமல் போவதற்கு முன்பு, புரட்டாதியிலேயே உங்கள் ஊரில் இழைக்கிறவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். போகும்போது உள்ளே என்ன வைக்கப்போகிறீர்கள் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை,
முள்ளியவளை.